தாய்க்கு உயரும் அமுக்கம், மெலியும் சிசு

பிரசவ வேளையில் தாய்க்கு வலிப்புக் கண்டால், சன்னி என்று பெயர் சூட்டிக் கைவிட்ட காலம் நமது ஊர்களில் இருந்தது. ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. 1843 இல் லண்டன் கைஸ் மருத்துவமனை வைத்தியர் ஜோன் லீவர், வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார்; வெண்கரு போல் அது உறைந்தது. புரதம் வெளியேறுவதற்கும் வலிப்புக்கும் தொடர்புண்டு என்பது அவ்வாறுதான் தெரியவந்தது. குருதி அமுக்கத்தை அளக்க அன்று வசதியில்லை. இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896 இல் கைப்பட்டிக் கருவியை அமைத்து, ரஷ்யரான கொரொட்கொவ் 1905 இல் காதால் கேட்டு அளக்கும் முறையைச் சேர்த்த பின்னரே நோயின் மறுபாதி துலங்கியது.

சிசு ஏன் மெலிகிறது? அமுக்கம் அதனை நசுக்குவதில்லை. வழமையான கர்ப்பத்தில் சூல்வித்தகத்தின் கலங்கள் கருப்பைச் சுவரிலுள்ள சுருளி நாடிகளுக்குள் நுழைந்து, அவற்றின் தசையை அகற்றி அகலமாக்குகின்றன. சிலரில் இவ்வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. 1967 முதல் 1972 வரை புரொசன்ஸ், றொபேட்சன், டிக்ஸன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதனைக் காட்டின. குறுகிய குழாய் வழியே ஒட்சிசனும் ஊட்டமும் போதாமற்போக, சிசு மூளைக்கு முதலிடம் கொடுத்து வயிற்றைப் பட்டினி போடுகிறது. தலை வளர, வயிறு ஒட்டிக் கிடக்கும். கிளினிக்கில் அளவுநாடாவால் தாயின் வயிற்றை அளப்பது வெறும் சம்பிரதாயமன்று.

அப்படியானால் மாத்திரையால் அமுக்கத்தைக் குறைத்தால் என்ன? இங்கேதான் வைத்தியர்கள் நெடுங்காலம் பிளவுபட்டு நின்றனர். ஏற்கெனவே குறைந்துள்ள குருதியோட்டம் மேலும் குறைந்து சிசு வாடிவிடும் என்பது ஒரு சாராரின் அச்சம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அமுக்கம் கூடுதலாகக் குறைக்கப்பட்ட இடங்களில் சிறிய குழந்தைகள் அதிகம் என்று கூறி அந்த அச்சத்துக்கு வலுச் சேர்த்தது. அதனால் பல தாய்மாரின் மிதமான உயர் அமுக்கம் சிகிச்சையின்றியே விடப்பட்டது. 987 பெண்களைக் கொண்ட 2015 ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வு, இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதால் சிசுக்களுக்குக் கேடில்லை என்றது. 2022 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,400 பெண்களிடம் நடந்த ஆய்வு, கர்ப்பத்துக்கு முன்பிருந்தோ அதன் தொடக்கத்திலோ மிதமான உயர் அமுக்கம் உள்ளோருக்கு 140/90 இற்குக் கீழ் வைத்திருப்பதே நன்று என நிறுவியது. தாய்மாரின் கடும் சிக்கல்கள் குறைந்தன. சிறிய குழந்தைகள் பெருகவில்லை.

எனினும் மாத்திரை தாயைக் காக்குமேயன்றிக் குறுகிய நாடியை அகலமாக்காது. சூல்வித்தகம் வெளியேறினாலன்றி நோய் தணியாது. ஆகவே, இன்னொரு வாரம் கருவறையில் வைப்பதா, உடனே வெளியே எடுப்பதா என்ற கணக்கை மகப்பேற்று வைத்தியர்கள் இன்றும் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே போடுகின்றனர்.