சண்டிலிப்பாய் மரணப் பதிவில் ஒரு சோனகர்

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. காணி உறுதிகள், கடுத்தக் கொப்பி, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது உம்மா பேரப்பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெட்டி ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. பிறகு புத்தளத்தில் இருந்துகொண்டு குடும்ப வரலாற்றை எழுத முற்பட்டபோது என் கையில் ஒரு கடதாசித் துண்டும் இல்லை. இருந்தது மாமியின் ஞாபகம் மட்டுமே.

வாப்பாட மூத்தவாப்பா எப்போது மௌத்தானார் என்று மாமியிடம் கேட்டேன். வருஷம் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் அவருக்குக் கத்தம் ஓதிய நாளை மறக்கவில்லை. “முஹைதீன் ஆண்டவர் மாசம் பிறை 15. இஷாவுக்குப் பொறகு ரூஹ் பிரிஞ்சதாம். மார்கழி மழை, ரோட்டெல்லாம் வெள்ளமாம்” என்றார்.

வருஷம் இல்லாத தகவல் எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் இதில் இரண்டு நாட்காட்டிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது புரிந்தது. ஹிஜ்ரி வருஷம் சூரிய வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. ஆகவே ரபீயுல் ஆகிர் மாதம் பின்னோக்கி நகர்ந்து, 32, 33 வருஷத்துக்கு ஒருமுறைதான் அதே பருவத்துக்குத் திரும்பி வரும். பிறை 15ஐ மார்கழிக்குள் நிறுத்திப் பார்த்தேன். ஹிஜ்ரி 1338இல் அது 1920 ஜனவரி 7, 1339இல் 1920 டிசம்பர் 27, 1340இல் 1921 டிசம்பர் 16 அளவில் விழுகிறது. பிறை கண்டதில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். முந்தின சுற்று 1880களில். அப்போது அவருடைய மகன் பிறக்கவே இல்லை. பிந்தின சுற்று 1950களில். அப்போது மாமிக்கே கல்யாண வயசு. ஆக, தேடவேண்டியது மூன்று மார்கழிகள்தான். இது சின்ன விஷயமல்ல. திகதியோ பதிவு இலக்கமோ தெரியாதவர் பதிவேட்டைத் தேடுமாறு விண்ணப்பிக்கும்போது காலம் குறித்துக் கொடுக்கவேண்டும். காலம் நீள நீளக் கட்டணமும் நீளும்.

யாழ்ப்பாண நகரப் பதிவுகளைத் தேடக் கொடுத்தேன். இல்லை என்று பதில் வந்தது. எழுத்துப் பிழையாயிருக்கும் என்று மறுபடியும் கொடுத்தேன். அதுவும் இல்லை. இரண்டு வருஷம் வீணாய்ப் போனது. பிழை என்னுடையதுதான். மாமி முதல் நாளே சொல்லியிருந்தார்: “யாவாரத்துக்குப் போன எடத்திலதான் மௌத்து. சண்டிலிப்பாய்ப் பக்கம். மாட்டு வண்டியில கொண்டு வந்தவங்களாம்.” அடக்கியது சோனகதெருவில், ஆகவே பதிவும் அங்கேதான் என்று நான் எண்ணிக்கொண்டேன். மரணம் பதியப்படுவது வசித்த இடத்திலும் அல்ல, அடக்கிய இடத்திலும் அல்ல. உயிர் பிரிந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவில். எங்கள் ஆட்களில் பலர் பிடவை மூட்டையோடும் ஈயப் பாத்திரத்தோடும் வலிகாமத்துக் கிராமங்களில் திரிந்தவர்கள். நோயாளிகளை மானிப்பாய்க்குக் கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை 1848இல் டாக்டர் சாமுவேல் கிறீன் தொடங்கியது. அங்கே மௌத்தானவரைச் சோனகதெருப் பதிவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இன்னொன்று: மானிப்பாய் இன்று சண்டிலிப்பாய் பிரதேச செயலகத்துக்குள் இருக்கிறது. ஆனால் இன்றைய எல்லையை வைத்துக்கொண்டு அன்றைய பதிவாளர் பிரிவைத் தேடக்கூடாது.

நமக்கு இந்த அரசாங்கப் பதிவுதான் பெரிய ஆதாரம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தேடலாம். நம்மவர்களை அந்தத் திருச்சபைப் பதிவில் காணமுடியாது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த சிவில் பதிவுதான் மதம் பாராமல் எல்லோரையும் எழுதியது. பிரதி ஒன்று கொழும்பு மத்திய பதிவறைக்கும் போவதால், ஊரை விட்டவனுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

சண்டிலிப்பாய்க்கு விண்ணப்பித்தபோது பெயரைப் பல எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பதிவாளர்மார் பெரும்பாலும் சைவர்கள். காதில் விழுந்தபடி எழுதினார்கள். யூசுப் ‘ஈசுப்பு’ ஆவார், இஸ்மாயீல் ‘சுமாயில்’ ஆவார். முதலெழுத்தே மாறினால் பெயரட்டவணையில் ஆள் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். எங்கள் ஆளை நாங்கள் ‘ஹ’வில் எழுதுவோம். அவர் ‘அ’வில் இருந்தார்.

1920 ஜனவரி 6. செவ்வாய்க்கிழமை. மஃரிபோடு நமக்கு அடுத்த நாள் பிறந்துவிடுவதால், இஷாவுக்குப் பிறகு என்றால் அது பிறை 15 தான். ஒரு நூற்றாண்டுக் கத்தத்தில் எங்கள் பெண்கள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

இனம்: சோனகர். தொழில்: பிடவை வியாபாரம். வயது: 40. வீட்டில் அவரை எப்போதும் கிழவராகவே சொல்லி வந்தோம். மரண காரணம் ‘காய்ச்சல்’. வைத்தியர் பாராத கிராமத்து மரணங்களுக்கு அது பொதுச் சொல், அதை வைத்து நோயை ஆராய முடியாது. அடக்கம்: யாழ்ப்பாணம், சோனகதெரு.

நான் நின்றுவிட்டது அடுத்த கட்டத்தில். அறிவித்தவர் பெயரும், எந்த முறையில் அறிவிக்கிறார் என்பதும் அங்கே எழுதப்படும். எங்கள் வீட்டில் ஒரு மனக்குறை தலைமுறையாக இருந்தது: “போன எடத்தில ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல்லயாம்.” பதிவில் இருந்ததோ சண்டிலிப்பாய் வாசியான ஒரு சைவரின் பெயர். ‘மரணத்தின்போது உடனிருந்தவர்.’ கீழே அவருடைய கையொப்பம். வெள்ளத்துக்குள் பதிவாளர் வீட்டுக்குப் போய் ஒரு பிடவை யாவாரியின் தகப்பன் பெயரையும் சரியாகச் சொல்லி எழுதுவித்திருக்கிறார். இறந்தவரே சொல்லாமல் அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது. கடைசி நேரத்தில் இருவரும் பேசியிருக்கிறார்கள். சந்ததியினர் அங்கே இருக்கக்கூடும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த மனிசன்ட பேர இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். அந்த வருஷக் கத்தத்தில் தண்ணீர்க் கதையை அவர் சொல்லவில்லை.

இனி அவருடைய மனைவியைத் தேடவேண்டும். நோன்பு 27இல் மௌத்து என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது. அது மழைக்காலமா வெயில்காலமா என்று மாமிக்கு நினைவில்லை.