பேரப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரு யுத்தம்

பாடசாலையில் இருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போனவர்களுக்கு நூதனசாலை ஞாபகம் இருக்கும். மிருகக்காட்சிசாலைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு மணித்தியாலம். "வரிசையா வாங்கோ, ஒண்டையும் தொடாதேங்கோ" என்று ரீச்சர் சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பார். கண்டி அரசனின் சிம்மாசனத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்போம். கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். பிறகு ஐஸ்கிறீம், பிறகு பஸ். வீட்டுக்கு வந்தால் "என்னடா பார்த்தனி?" என்று அம்மம்மா கேட்பா. "நீங்கள் என்ன பார்த்தனீங்கள் அம்மம்மா?" என்று நாங்கள் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டு வரச்சொல்லி எங்களை யாரும் அனுப்பியதும் இல்லை.

பிள்ளைகளை அப்படிக் கேட்கச்சொல்லி வீட்டுக்கு அனுப்புகிற ஒரு அருங்காட்சியகம் டாக்காவில் இருக்கிறது. பெயர் விடுதலைப் போர் அருங்காட்சியகம். வங்காளத்தில் முக்திஜுத்த ஜாதுகர்.

அந்தப் போரை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1947இல் பிறந்த பாகிஸ்தான், நடுவில் இந்தியா கிடக்க, கிழக்கு மேற்கு என்று இரண்டு துண்டாக இருந்தது. கிழக்கில் இருந்தவர்கள் வங்காளிகள்; எண்ணிக்கையில் அவர்கள்தான் கூட. ஆனால் உருது மட்டும்தான் அரச மொழி என்று மேற்கில் முடிவெடுத்தார்கள். 1952 பெப்ரவரி 21ஆம் திகதி, மொழிக்காக வீதிக்கு வந்த மாணவர்கள் டாக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1970 தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் நாடாளுமன்றப் பெரும்பான்மையை வென்றது, ஆட்சியை ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் இறங்கிச் சுட ஆரம்பித்தது. டிசம்பர் 16ஆம் திகதி அது சரணடையும் வரை ஒன்பது மாதங்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குப் போனார்கள். கொல்லப்பட்டவர்கள் 30 இலட்சம் என்பது பங்களாதேஷ் அரசின் கணக்கு. அதைவிடக் குறைவாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இந்தக் கதையில் எங்கட தீவுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. 1971 தொடக்கத்தில் பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வெளியால் பறப்பதை இந்தியா தடைசெய்தது. அதனால் கிழக்குக்குப் போன விமானங்கள் தெற்கால் சுற்றிவந்து கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நான் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் இதைக் கண்ட ஞாபகம் இல்லை.

சுதந்திரம் கிடைத்ததோடு கதை முடியவில்லை. 1975 ஓகஸ்ட் 15 அன்று முஜிப் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இராணுவ ஆட்சிகள். ஆட்சி மாற மாற பாடப்புத்தகமும் மாறியது. சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது யார் என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அவாமி லீக் ஆட்சியில் இருந்தால் விடை முஜிப். பிஎன்பி ஆட்சியில் இருந்தால், சிட்டகொங் வானொலியில் பேசிய மேஜர் ஸியாவுர் ரஹ்மான். அண்ணன் எழுதிப் புள்ளி வாங்கிய விடை தம்பிக்குப் பிழையாகிப் போகும்.

இந்த இடத்தில்தான் அருங்காட்சியகம் வருகிறது. 1996 மார்ச் 22ஆம் திகதி, சுதந்திரத்தின் 25ஆவது ஆண்டு நிறைவுக்குச் சில நாட்களுக்கு முன், எட்டு அறங்காவலர்கள் சேர்ந்து டாக்காவின் செகுன்பாகிச்சாவில் ஒரு பழைய வாடகை வீட்டில் அதைத் திறந்தார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்ததல்ல. உள்ளே வைக்கப்பட்டவை பெரும்பாலும் சனங்கள் தங்கள் வீடுகளில் இருந்து கொண்டுவந்து கொடுத்தவை. 2017இல் அகர்காவோனில் பெரிய சொந்தக் கட்டடத்துக்கு அது மாறியது. அந்தக் கட்டடத்துக்கும் பொதுமக்களிடம் காசு சேர்த்தார்கள்; 10,000 டாக்கா கொடுத்தால் உங்கள் பெயரில் ஒரு செங்கல்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான வேலையை அவர்கள் ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டார்கள். டாக்காவில் இருக்கும் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகளால் வரமுடியாதே? அதற்காக 2001இல் ஒரு பெரிய பஸ்ஸையே அருங்காட்சியகமாக மாற்றினார்கள். படங்கள், பொருட்கள், போஸ்டர்களோடு அந்த பஸ் மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பாடசாலை முற்றங்களில் நின்றது.

இதுவரைக்கும் எங்கட கல்விச் சுற்றுலாவைத் தலைகீழாகத் திருப்பியது மாதிரித்தான். அடுத்த படிதான் வேறு. பார்த்து முடிந்த பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுக்கப்படும். வீட்டுக்குப் போ. 1971ஐக் கண்ணால் கண்ட ஒருவரைத் தேடு. அம்மம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மாமாவாக இருக்கலாம். அவர் சொல்வதைக் கேள், எழுது. சொன்னவரின் பெயரையும், அவர் உனக்கு என்ன உறவு என்பதையும் குறி. ஆசிரியர் அவற்றைச் சேர்த்து டாக்காவுக்கு அனுப்புவார். இப்படிப் பல்லாயிரக்கணக்கான சாட்சியங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. தெரிந்தெடுத்தவை புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன.

இதில் வரலாறு எவ்வளவு, குடியியல் எவ்வளவு என்று பிரிக்க ஏலாது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆற்றைக் கடந்து ஓடிய கதையை அம்மம்மாவின் வாயால் கேட்கிறது. அவ சொல்லும் திகதியும் புத்தகத்தில் இருக்கும் திகதியும் பொருந்தாது. சித்தி அதே சம்பவத்தை வேறு மாதிரிச் சொல்லுவா. எது சரி? யாரை நம்புவது? ஏன் இரண்டு பேரும் வேறு வேறாகச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு பழகிய பிள்ளையிடம், நாளைக்கு ஒரு அமைச்சர் வந்து "இதுதான் நடந்தது" என்று சொன்னால் அது இலகுவில் தலையாட்டாது. ஆட்சி மாறும்போது பாடப்புத்தகத்தை மாற்றி அச்சடிக்கலாம். பல்லாயிரம் வீடுகளில் இருந்து வந்த கையெழுத்துகளை அப்படி மாற்றுவது கஷ்டம்.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது நேர்மையில்லை. பேரப்பிள்ளையிடம் சொல்லமுடியாத விஷயங்கள் இருக்கின்றன. போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு "பீராங்கனா" என்று பட்டம் கொடுத்தது. எங்கட "வீராங்கனை"தான் அந்தச் சொல். பட்டம் கிடைத்தது; ஊரில் இடம் கிடைக்கவில்லை. எத்தனையோ பெண்கள் வாய் திறக்காமலே வாழ்ந்தார்கள். சிற்பி ஃபெர்தௌசி பிரியபாஷினி தனக்கு நடந்ததைப் பகிரங்கமாகப் பேசியது 1990களின் இறுதியில்தான். "1971இல் என்ன நடந்தது பாட்டி?" என்று கேட்கிற பிள்ளைக்கு முன்னால் ஒரு பாட்டி மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தைத் தாளில் எழுத வழியில்லை.

அடுத்தது மீர்பூர். டாக்காவின் அந்தப் பகுதியில் ஜல்லாத்கானா என்ற கொலைக்களம் 1999இல் தோண்டப்பட்டது. 70 மண்டையோடுகள் எடுக்கப்பட்டன. இப்போது அது நினைவிடம், அருங்காட்சியகம்தான் பராமரிக்கிறது. அதே மீர்பூரில் உருது பேசும் மக்களின் முகாம்களும் இருக்கின்றன. பிகாரிகள் என்று அழைக்கப்படும் இவர்களில் பலர் 1971இல் பாகிஸ்தான் இராணுவத்தோடு நின்றார்கள், சிலர் கொலைகளிலும் பங்கெடுத்தார்கள். அதனால் போருக்குப் பிறகு நிரபராதிகளான எத்தனையோ பிகாரிகள் பழிவாங்கப்பட்டார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, அந்த மண்ணிலேயே பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக்கூடக் குடியுரிமை உறுதியாக இருக்கவில்லை. முகாமில் இருக்கும் ஒரு பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு எழுதினால், அந்தத் தாளில் கொன்றவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள். அந்தத் தாளை அந்த வகுப்பறையில் எழுந்து நின்று வாசிக்க முடியுமா? திட்டம் எவ்வளவு நல்லது என்பதை நான் அங்கேதான் அளப்பேன்.

2024க்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. மாணவர் எழுச்சியில் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு ஓடிய ஓகஸ்ட் 5ஆம் திகதியே, தான்மண்டி 32ஆம் வீதியில் முஜிப்பின் வீட்டில் இருந்த நினைவு அருங்காட்சியகம் எரிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் அதை இடித்தே விட்டார்கள். பாடப்புத்தகத்தில் பிரகடனம் செய்தவர் யார் என்பதும் திரும்ப மாறியது. எங்களுக்கும் இது புதிதில்லை. 2022 மே 9 அன்று மெதமுலனவில் டி.ஏ. ராஜபக்ஷ நினைவு அருங்காட்சியகத்துக்கு நடந்ததைப் பார்த்தோம். எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் புகழுக்காக வரலாற்றைப் பிடித்து வைத்தால், அந்தக் குடும்பத்தின் மேல் வரும் கோபம் வரலாற்றின் மேலும் விழுகிறது.

எங்களிடம் அப்படியொரு அருங்காட்சியகம் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் முக்கியமான பகுதிக்குக் கட்டடம் தேவையில்லை: ஒரு கொப்பி, ஒரு பின்னேரம், இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு அம்மம்மா. 1958ஐ, 1983ஐக் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2009இல் பிறந்த பிள்ளைகள் ஓ/எல் எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். முள்ளிவாய்க்காலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி போனில் வந்த வீடியோக்கள்.

கேட்கத் தொடங்கினால் நாங்கள் விரும்பாத தாள்களும் வரும். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பேரப்பிள்ளை, புத்தளத்தில் இருந்து தன் வாப்பும்மா சொன்னதை எழுதி அனுப்பும். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்த கதை அதில் இருக்கும். அதையும் எங்கட அம்மம்மாவின் கதையையும் ஒரே கோவையில் வைக்க நாங்கள் தயாரா? தயார் என்றால் இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.