செவ்வாய்க்குப் போகாத கலங்கள்

திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபம் ஒன்றைப் பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் காட்டுகிறார். குன்றேறிய மக்கள் அங்கே காமனையும் இரதியையும் அகலிகையையும் மட்டும் பார்க்கவில்லை. ஞாயிற்றை ஒட்டி வரும் கோள்களின் நிலையையும் ஓவியத்தில் கண்டறிந்தார்கள். அச்சித்திரங்கள் அழிந்தன, அவை இருந்த செய்தி மட்டும் ஏட்டில் தங்கியது. மனிதன் கோள்களுக்குச் செல்ல வகுத்து நிறைவேறாத திட்டங்களும் அவ்வாறே ஏட்டளவில் தங்கியவைதாம்.

செவ்வாய்ப் பயணத்துக்கு விரிவான பொறியியல் கணக்கை முதலில் எழுதியவர்களுள் தலையாயவர் வெர்னர் வான் பிரௌன். ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணையைச் செய்து கொடுத்து, போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1948இல் டெக்சாஸில் இருந்தபோது அவர் எழுதியது 1952இல் ஜெர்மன் மொழியில் நூலாயிற்று. 10 கலங்கள், 70 பேர். அக்கலங்களைப் பூமியின் சுற்றுப்பாதையில் பூட்டுவதற்கு மட்டும் 46 ராக்கெட்டுகள் 950 முறை ஏறி இறங்க வேண்டும். செவ்வாயில் தரையிறங்கச் சிறகுள்ள ஊர்திகள்.

கணக்கில் பிழையில்லை, பிழை செவ்வாயின் காற்றில் இருந்தது. 1965 ஜூலையில் மாரினர் 4 அக்கோளைக் கடந்தபோது, அங்குள்ள காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை என்பது தெரிந்தது. வான் பிரௌன் எண்ணிய சிறகுகளைத் தாங்க அங்கே காற்றில்லை.

சோவியத் நாட்டில் கொரலியோவின் குழுவினர் மூவரைச் செவ்வாயருகே அனுப்பித் திருப்பியழைக்க வரைந்த திட்டம் என்-1 ராக்கெட்டை நம்பியிருந்தது. அது 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. அமெரிக்காவில், நிலவில் மனிதன் இறங்கிய இரண்டே வாரங்களில், 1969 ஆகஸ்ட் 4 அன்று, வான் பிரௌன் மீண்டும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்: இரு கலங்களில் 12 பேர் 1981 நவம்பரில் புறப்படுவர். அரசு அதற்குப் பணம் தரவில்லை. 1972 ஜனவரியில் நிக்சன் ஒப்புதல் அளித்தது பூமியைச் சுற்றிவரும் விண்வெளி ஓடத்துக்கு மட்டுமே.

அந்த ஓடத்தில்தான் நமக்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டது. இன்சாட்-1சி செயற்கைக்கோளுடன் 1986இல் செல்வதற்கென இஸ்ரோவின் பொறியாளர்கள் பி. இராதாகிருஷ்ணன், என். சி. பட் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் பறக்க, மற்றவர் மாற்றாளாக நிற்க. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்து எழுவர் மாண்டனர். இந்தியரின் பயணம் கைவிடப்பட்டது. செயற்கைக்கோள் 1988இல் ஏரியான் ராக்கெட்டில் ஏறிப் போயிற்று. மனிதர் தரையிலேயே நின்றனர்.

1984இல் பறந்த ராகேஷ் சர்மாவை நம் மாணவர்கள் அறிவர். 2014இல் ஆளின்றிச் செவ்வாயைச் சென்றடைந்த மங்கள்யானையும் அறிவர். இடையில் காத்திருந்த இவ்விருவரை அறியார். சென்றடைந்தவற்றை மட்டும் எண்ணுவது வரலாறாகாது என்பதைத் தமிழ் படித்த நாம் எளிதில் உணரலாம். பரிபாடல் 70இல் முழுமையாக நமக்கு எஞ்சியவை 22தான். ஆயினும் 70 என்ற எண்ணை நாம் விட்டுவிடுவதில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் இழப்பின் அளவை அறிகிறோம். பறக்காத கலங்களுக்கும் அக்கணக்கில் ஓரிடம் உண்டு.