சாலையோர ஆபத்துகளும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பும்

சாலையை விட்டு விலகும் வாகனம் மோதவோ கவிழவோ காரணமாகும் எந்தப் பொருளும், எந்த நில அமைப்பும் சாலையோர ஆபத்து எனப்படும். மரம், மின்கம்பம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், மூடாத வடிகால், செங்குத்தான சரிவு, சாலையை ஒட்டிய கிணறு, ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரி எல்லாம் இதில் அடங்கும். ஓட்டுநர் கண் அயர்ந்ததாலோ டயர் வெடித்ததாலோ வண்டி தடம் மாறலாம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்பது பெரும்பாலும் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டரைக் கடக்கும். அந்த வேகத்தில் புளியமரத்தில் மோதுவது, 13 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். அதே கார் வெற்றுத் தரையில் ஓடி நின்றால், பயணிகள் கதவைத் திறந்து இறங்கிவிடலாம்.

கருத்தின் தோற்றம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மில்ஃபோர்டு என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வாகனச் சோதனைத் தடம் உள்ளது. அங்கு ஓட்டியவர்கள் தேர்ந்த ஓட்டுநர்கள். எதிரே வாகனம் வராது. அப்படியும் கார்கள் தடத்தை விட்டு இறங்கின. இறங்கிய வாகனங்களில் சுமார் 80 விழுக்காடு, 30 அடிக்குள் நின்றோ திரும்பியோ விடுவதைப் பொறியாளர் கென்னத் ஸ்டோனெக்ஸ் கண்டார். ஓரத்து மரங்கள் அகற்றப்பட்டன, சரிவுகள் தணிக்கப்பட்டன. ஓட்டுநர் தவறினாலும் உயிர் தப்ப இடம் கொடுக்கும் ‘மன்னிக்கும் சாலையோரம்’ என்ற கருத்து இந்த அனுபவத்திலிருந்து வலுப்பெற்றது. 1966இல் அந்நாட்டில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டே மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் இக்கருத்தைத் தன் வழிகாட்டி நூலில் சேர்த்தது.

இன்னொரு கண்டுபிடிப்பின் வேர் ஒரு பந்தயக் களத்தில் இருக்கிறது. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லு மான் பந்தயத்தில் பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே காரை அடுத்து ஓட்டக் காத்திருந்தவர் அமெரிக்கரான ஜான் ஃபிட்ச். பின்னாளில் அவர் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைக்கும் தடுப்பை உருவாக்கினார். முன்வரிசைப் பீப்பாய்களில் மணல் குறைவு, பின்வரிசையில் அதிகம். மோதும் கார் படிப்படியாக வேகம் இழக்கும். மேம்பாலத் தூண்களுக்கும் சாலை இரண்டாகப் பிரியும் முனைகளுக்கும் முன்னால் இவை வைக்கப்படுகின்றன.

உத்திகள்

பொறியாளர்கள் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறார்கள். முதலில் ஆபத்தான பொருளை அகற்றப் பார்ப்பார்கள். இயலாவிட்டால் தள்ளி வைப்பார்கள். வழிகாட்டிப் பலகைக் கம்பம் போன்றவற்றை, இடித்தால் அடியோடு கழன்று விழும்படி அமைப்பார்கள். எதுவும் கைகூடாதபோதுதான் தடுப்பு. காரணம், தடுப்பும் மோதக்கூடிய பொருளே. முனையைச் சரியாக முடிக்காமல் விட்ட இரும்புத் தடுப்புத் தகடு காரைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

சுவீடன் 1997இல் சாலை இறப்பே இல்லாத நிலையை இலக்காக ஏற்றது. 13 மீட்டர் அகலச் சாலைகளை மூன்று தடங்களாக்கி, எதிரெதிர்ப் போக்குவரத்துக்கு நடுவே எஃகு வடத் தடுப்பை அமைத்தது. முந்திச் செல்லும் நடுத்தடம், சில கிலோமீட்டருக்கு ஒருமுறை திசை மாறும். புதிய நிலம் அதிகம் தேவைப்படாத இந்த மாற்றம், அச்சாலைகளில் இறப்பை நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைத்தது.

இந்தியாவில்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்தாலோ 10 பேர் இறந்தாலோ, மத்திய அரசு அந்த இடத்தை ‘பிளாக் ஸ்பாட்’ என வரையறுக்கிறது. தருமபுரி – சேலம் இடையேயான தொப்பூர் கணவாய் இதற்குப் பேர்போனது. நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள், பிரேக் பிடிக்காமல் முன்னால் செல்பவற்றில் மோதுவது அங்கே வழக்கமாகிவிட்டது. உயர்மட்டச் சாலைத் திட்டம் வகுக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூரியா ஆற்றுப் பாலச் சுவரில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணியாதது பெரிதும் பேசப்பட்டது. சாலை குறுகும் இடத்தில் பாலச் சுவர் துருத்தி நின்ற விதமும் விவாதத்துக்கு வந்தது.

மும்பை – புணே விரைவுச்சாலையில் 2016இல் 151 பேர் இறந்தனர். மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகமும் சேவ்லைஃப் அறக்கட்டளையும் அங்கே ஓரத்து ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துச் சீர்செய்தன. போலீஸ் கண்காணிப்பும் கூடியது. அடுத்த ஆண்டே எண்ணிக்கை குறைந்தது. 2020இல் பாதிக்கும் கீழே வந்தது. அதில் ஊரடங்குக்கும் ஒரு பங்கு உண்டு.

தடுப்புகளுக்கான விதிகளை இந்தியச் சாலைப் பேராயம் 2015இல் வெளியிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரங்களைக் கைவிட்டதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அந்தத் தொகை மோட்டார் வாகன விபத்து நிதியில் சேர்க்கப்படும்.