சிறு ஏற்றுமதியாளருக்கான சந்தை உதவி

வளரும் நாடுகளின் சிறு வணிகர்கள் அயல்நாட்டுச் சந்தையில் நுழைவதற்குத் தரப்படும் பயிற்சி, சந்தைத் தகவல், தரச்சான்று வழிகாட்டல், கண்காட்சி வாய்ப்பு ஆகியவற்றைச் சந்தை உதவி குறிக்கும். இதற்கென 1964இல் ஜெனீவாவில் பன்னாட்டு வணிக மையம் உருவானது. 1971இல் நெதர்லாந்து அரசு, வளரும் நாடுகளிலிருந்து இறக்குமதியை ஊக்குவிக்கும் சிபிஐ அமைப்பை நிறுவியது. இந்தியாவில் வேளாண் பொருள்களுக்கு 1986 முதல் அபேடா என்ற ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பொறுப்பு.

இந்த உதவி ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஹைதராபாத்தின் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் மொத்த வியாபாரிக்கு வரத்தும் விலையும் அத்துப்படி. சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப அது போதாது. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண், அபேடா பதிவு, பூச்சி இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்று ஆகியவை வேண்டும்.

இந்தச் சான்றுக்கான பூச்சிச் சோதனையில் கோட்டை விட்டால் நாடே மாட்டிக்கொள்ளும். பழ ஈ முதலான பூச்சிகள் தென்பட்டதால், 2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது.

பூச்சி மட்டுமல்ல, பூச்சிமருந்து எச்சமும் கண்காணிக்கப்படுகிறது: திராட்சைக்கு அபேடா 2006இல் கிரேப்நெட் என்ற கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தது. இதன்படி ஒவ்வொரு தோட்டமும் பதிவாகிறது. பூச்சிமருந்து எச்சம் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பழம் ஐரோப்பாவுக்குப் போகிறது.