கையறுநிலையும் இரசிகர் துயரும்: செங்கோட்டை கிட்டப்பாவின் மறைவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழ் இசை நாடக மேடையில் புகழ்பெற்ற செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்து, 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 27. அவர் பாட்டைக் கேட்டவர்கள் அம்மறைவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது பெரும்பாலும் நாடக வரலாற்றின் ஓர் உணர்ச்சிமிக்க நிகழ்ச்சியாகவே பேசப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை மொழி சார்ந்த சிக்கலாகவும் காண முற்படுகிறது. இறந்தோர்க்கு இரங்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கணம் உடைய ஒரு மொழியில், ஒரு நடிகனுக்காக இரங்கும் இரசிகனுக்கு எந்த வடிவம் கிடைத்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. மரபு தந்த வடிவங்கள்

தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் கூறுகிறது. இறந்தோரை நினைந்து, எஞ்சியிருப்போர் புலம்புதல் அதன் பொருள். 'கை' என்பதற்குச் செயல் என்று பொருள்கொண்டு, செயலற்றுப்போன நிலை என அதனை விளக்குவர். இச்சொல்லின் அழுத்தம் இறந்தவர்மேல் இல்லை; எஞ்சியவர்மேல் உள்ளது. 'இரங்கற்பா' என்று பெயர்த்தால் பாடல் கிடைக்கும். பாடுவோன் நிலை கிடைக்காது. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் நன்று.

புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பலவற்றைப் பாடியவர் யார் என்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். பெரும்பாலும் இறந்தவன் புரவலன். இரங்குபவர் புலவர், பாணர் முதலிய கலைஞர். அதியமான் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் மண்டையையும், இரப்போர் கையையும், புலவர் நாவையும் ஊடுருவிச் சென்றது என்னும் கருத்தை ஔவையார் பாடினார் (புறம். 235). ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் முல்லையைச் சூடவும் பறிக்கவும் எவரும் இல்லாதபோது அது ஏன் பூத்தது என்று குடவாயிற் கீரத்தனார் வினவினார் (புறம். 242). கொடுப்பவன் மறைய, பெறுபவர் இரங்குகின்றனர்.

கிட்டப்பா மறைந்தபோது இவ்வுறவு தலைகீழாயிற்று. மறைந்தவர் கலைஞர், எஞ்சியவர் சீட்டு வாங்கி அவரைப் புரந்த மக்கள். கலைஞனுக்காகப் புரவலர் கூட்டம் இரங்குவதற்குப் பழைய துறைகளில் நேரான இடம் இல்லை. ஒப்பாரி உறவினர்க்கு உரியது. அதில் முறைப்பெயர் சொல்லி விளித்தாக வேண்டும். இரசிகனுக்கு முறைப்பெயர் இல்லை. சரமகவி கற்றோர் யாப்பில் அமைவது. தரை டிக்கெட்டில் அமர்ந்தவனின் வடிவம் அன்று அது.

3. இழப்பின் தன்மை

இழக்கப்பட்டது எது என்பதைத் தெளிவாக்கினால்தான் துயரின் அளவு விளங்கும். அன்று திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா சிறுவயதிலேயே மேடையேறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பயிற்சியும், கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற பெருநாடகங்களும் அவரை உருவாக்கின. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் சென்று சேர வேண்டியிருந்தது. உயர்ந்த சுருதியில், அதாவது அன்றைய வழக்கில் 'கட்டை' கூட்டி, தெளிவு குன்றாமல் பாடுவதே நடிகனின் தகுதியாகக் கருதப்பட்டது. அத்தகுதியில் கிட்டப்பாவுக்கு நிகரானவர் அரியர்.

நாடகப் பனுவலின் மொழியும் இங்குக் கருதத்தக்கது. ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகையின்றி மேடையில் சந்திப்பர். பாட்டும் கதைப்போக்கும் பொதுவானவை. இடையே நிகழும் தர்க்கமும் சங்கதிகளும் அன்றைய இரவுக்கே உரியவை. 'ஒன்ஸ்மோர்' என்னும் குரல் எழுந்தால் கதை நிற்கும். பாட்டு மீண்டும் வரும். ஆகவே, ஒரு நடிகர் மறையும்போது அவருடைய பனுவலும் உடன் மறைகிறது. அச்சில் எஞ்சுவது பாட்டுப் புத்தகம் மட்டுமே. தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தும், கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்கவில்லை. அவருடைய நடிப்பு கண்டவர் நினைவோடு முடிந்தது.

4. இசைத்தட்டும் வினையின் காலமும்

குரல் மட்டும் எஞ்சியது. கிட்டப்பாவின் பாடல்கள் இசைத்தட்டுகளில் பதிவாகியிருந்தன. மறைந்தவரின் குரலை வீட்டிலும் கடைத்தெருவிலும் மீண்டும் கேட்கும் நிலை தமிழ் மக்களுக்கு அப்போது புதிது.

இது வினையின் காலத்தையும் தொட்டது. இறந்த ஒருவரின் செயலைத் தமிழ் இறந்தகால முற்றால் குறிக்கும்: 'பாடினார்'. நூலாசிரியர் ஆயின் 'கூறுகிறார்' என நிகழ்காலம் அமையும்; அங்கு எழுத்து நிலைத்து நிற்கிறது. இசைத்தட்டு பாடகரையும் அவ்வரிசையில் சேர்த்தது. தட்டு சுழலும்போது, 'கிட்டப்பா பாடுகிறார்' என்பதே இயல்பான தொடர். 'பாடினார்' என்றால் ஊசி எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்படும். 'ஒன்ஸ்மோர்' கேட்ட இரசிகன், இப்போது தானே ஊசியைத் திரும்ப வைக்க முடிந்தது. ஆனால் வரும் சங்கதி ஒவ்வொரு முறையும் அதுவேதான்.

குரலைத் தொடர்வதற்கு இன்னொரு வழி பிறர் வாயால் பாடவைப்பது. 1945இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம், கிட்டப்பாவின் பாட்டாகவே மக்கள் அறிந்திருந்த 'காயாத கானகத்தே' என்பதைப் பாடினார். கேட்டோர் அதில் இருவரையும் கேட்டனர்.

5. தாபதநிலையும் இரசிகரும்

கிட்டப்பாவின் மேடை இணையும் வாழ்க்கைத் துணையுமான கே.பி. சுந்தராம்பாளைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. இருவரும் 1926இல் இலங்கையில் நாடக மேடையில் இணைந்தனர். 1927இல் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே வேறொரு மனைவி இருந்தார். கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளை உடை பூண்ட அவர், ஆண் நடிகர் எவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 'நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராகத் தாமே ஆண் வேடம் ஏற்றார். பின்னர் மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள் எனத் துறவும் முதுமையும் சார்ந்த வேடங்களே அவருக்கு உரியவையாயின.

தொல்காப்பியம் கணவனை இழந்தவள் நோன்பு மேற்கொள்வதைத் தாபதநிலை என்று தனித்துறையாகப் பிரிக்கிறது. கையறுநிலை வேறு, தாபதநிலை வேறு. கிட்டப்பா வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன என்பது என் கருத்து. தமக்கென ஒரு வடிவம் இல்லாத இரசிகர், சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையில் தம் துயரின் வடிவத்தையும் கண்டனர். அவர் மேடையேறும்போதெல்லாம் இல்லாத ஒருவரும் நினைவில் உடன் வந்தார். 'ஜோடி' என்று அவையோர் வழங்கிய சொல், ஒருவர் மறைந்த பின்னும் பிரியவில்லை.

இதில் ஒரு சமனின்மை உண்டு. கிட்டப்பாவுக்காக வருந்திய இரசிகன் அடுத்த ஆண்டு வேறொரு நடிகரைப் பாராட்டலாம். அது துரோகம் ஆகாது. சுந்தராம்பாளுக்கு அவ்வுரிமை இல்லை. 1980இல் தாம் மறையும்வரை அவர் அக்கோலத்தை மாற்றவில்லை. அவ்வுறுதி அவருடையது, அதனை ஐயுறுதல் தகாது. எனினும், மக்கள் திரளின் துயரை ஒரு பெண்ணின் உடை 47 ஆண்டுகள் சுமந்தது என்பதை வரலாறு எழுதுவோர் குறிக்க வேண்டும். அவரை 'கிட்டப்பாவின் கைம்பெண்' என்ற ஒரு தொடரால் மொழிபெயர்த்துக் கடப்போர், சொந்த மேடையும் சட்டமன்ற மேலவை உறுப்பினர் பதவியும் கண்ட ஒரு கலைஞரை விட்டுவிடுகின்றனர்.

6. ஓர் ஒப்பீடு

மராத்தி இசை நாடகத்திலும் இதற்கு இணை உண்டு. 'சங்கீத சூரியன்' எனப்பட்ட கேசவராவ் போஸ்லே 1890இல் பிறந்து 1921 அக்டோபரில், 31 வயதில் மறைந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பால கந்தர்வருடன் 'மானாபமான்' நாடகத்தில் திலகர் சுயராஜ்ய நிதிக்காக இணைந்து நடித்திருந்தார். மராத்தி வழக்கில் மறைந்தோர் பெயருக்கு முன் 'கைலாசவாசி' என்பதன் சுருக்கமாகிய 'கை.' என்னும் எழுத்து இடப்படும். தமிழில் 'காலஞ்சென்ற', 'அமரர்' ஆகியவை அவ்விடத்தை நிரப்பினாலும், அவை பெயரோடு நிலையாக ஒட்டுவதில்லை. கிட்டப்பா இன்றும் அடையின்றிக் கிட்டப்பாவே.

கோலாப்பூரின் அரங்கு ஒன்று கேசவராவின் பெயரைத் தாங்கியது. 2024 ஆகஸ்ட் 8 இரவு, அவர் பிறந்தநாளுக்கு முந்திய இரவில், அது தீக்கிரையாயிற்று. மராத்தியில் இரசிகரின் நினைவு ஒரு கட்டடத்தைச் சார்ந்தது. தமிழில் ஒரு குரலையும் ஒரு பெண்ணையும் சார்ந்தது.

7. முடிவுரை

கிட்டப்பாவின் மறைவு, புரவலன்–கலைஞன் உறவு மாறிய ஒரு காலத்தில், பழைய இரங்கல் இலக்கணம் போதாமற்போனதைக் காட்டுகிறது. அப்போதாமையை இசைத்தட்டின் நிகழ்காலமும், பிறர் குரலும், சுந்தராம்பாளின் தாபதமும் நிரப்பின. 'கையறுநிலை' என்னும் சொல்லைப் பெயர்ப்போர் அதனைப் பாடல் வகையாக மட்டும் கொள்ளாமல், எஞ்சியோர் நிலையாகவும் கொள்வார்களாயின், கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்த பெயரறியா இரசிகனுக்கும் அதில் இடம் கிடைக்கும்.