தூரிகை ஏந்துவார்க்குத் துறை எது?

எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் வண்ணங்களும் வரைதாளும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், "அப்பா, நான் ஓவியக் கல்லூரியில்தான் சேரப் போகிறேன்" என்றாள் என் மகள். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் மத்திய அரசு எழுத்தனாகிய என் நெஞ்சில் முதலில் எழுந்த வினா, "அது சோறு போடுமா?" என்பதே. பிழைப்பை நாடி மலையாள மண்ணுக்கு வந்த நம்மவர் இல்லங்களில் இவ்வினா எழுதல் இயல்பே. ஆயினும், அதற்குரிய விடையை அச்சத்திடம் கேளாது வரலாற்றிடம் கேட்கத் துணிந்தேன்.

'சித்திரகாரப்புலி' என்னும் பட்டம் பூண்ட மகேந்திரவர்மனைப் பெற்றது தமிழகம். எனினும், ஓவியத்தைக் கல்லூரியில் பயிலும் வழக்கம் நமக்குப் புதிது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே அதற்கு வித்து. கைத்தொழிலை வளர்ப்பதே அதன் தொடக்க நோக்கம். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கு முதலிடம் பெற்றன. கட்டடம் அதுவே; ஆசிரியர் மாறக் கல்வியும் மாறிற்று.

அவர்க்குப்பின் 1957-இல் தலைமை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்த இம்மலையாளி, தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்தவர். அவ்வேலையை விடுத்து 1936-இல் அதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர்! அரசு வேலையே அரண் என்றிருக்கும் என் போன்றோர் ஈண்டுச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். "சோறு போடுமா?" என்ற வினாவை அவரும் புறந்தள்ளினாரல்லர். 1966-இல் அவரும் மாணவர்களும் சென்னையை அடுத்துச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று வயிற்றைக் காத்து, ஓவியத்தைத் தம் உள்ளத்திற்கெனத் தீட்டினர்.

இன்னொருவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-இல் வடமலபாரின் கூத்துப்பறம்பில், நம்மைப் போன்றே கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றது பொருளாதாரம். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றமையால் அரசுக் கல்லூரிகளின் கதவுகள் அவர்க்கு அடைபட்டன. 1944-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனம் அவரை ஏற்றது. நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் ஆகியோரிடம் பயின்ற அவர், பிற்காலத்தில் பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் தலைமுறை தலைமுறையாக ஓவியரை உருவாக்கினார். 2012-இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார்.

இவ்விருவர் வாழ்வும் ஓர் உண்மையைப் புலப்படுத்தும். கல்லூரியின் பெயரைக் கேட்பதினும், அங்குக் கற்பிப்போர் யாவர், அவர்தம் படைப்புகள் எத்தகையன, மாணவர் கைகள் என்ன செய்கின்றன என்று கேட்பதே அறிவுடைமை.

அதனை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பூணித்துறையில் ஆர்.எல்.வி. கல்லூரி உண்டு, மாவேலிக்கரையில் ரவிவர்மாவின் மைந்தர் 1915-இல் தொடங்கிய கல்லூரி உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இராமகாதை வண்ணமாய் விரிந்துள்ளது. 2012-இல் தொடங்கிய கொச்சி–முசிறி பினாலேயுடன் 2014 முதல் மாணவர் பினாலேயும் நடந்து வருகிறது. இந்தியக் கலைக்கல்லூரிகள் பலவற்றின் மாணவர் படைப்புகளை அங்கு ஒருசேரக் காணலாம். விளம்பர ஏடுகள் உரையாதவற்றை அவை உரைக்கும்.

மகளை அங்கு அழைத்துச் சென்றேன். எந்தப் படத்தின்முன் அவள் நெடுநேரம் நின்றாள் என்பதையும், அதை வரைந்தவர் எக்கல்லூரி மாணவர் என்பதையும் குறித்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் எக்கல்லூரியின் பெயரை எழுதுவது என்பதை அவளே முடிவு செய்வாள். கையொப்பமிட நான் ஆயத்தமாக உள்ளேன்.